சொந்த விருப்பத்தின் பேரில்

எனக்கு வாய் நீளம் என்பது டிப்போ முழுக்கத் தெரிந்த விஷயம். இத்தனை வருடமாக டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நிற்பவளுக்கு வாய் நீளாமல் வேறு என்ன நீளும்? காலையில் ஏறினால் இறங்குகிறவரை "உள்ளே போங்க, முன்னாடி இடம் இருக்கு" என்று கத்துவதுதான் பிழைப்பு. வீட்டில் சோறு போடும்போதுகூட அதே குரல்தான் வருகிறது என்று என் மகள் சொல்வாள். அவளுக்கு வாய் என்னைவிட ஒரு முழம் கூட. அதனால்தான் தெருவில் அவளுக்கு வக்கீல் என்று பேர்.

என் வண்டி போகும் வழியில்தான் எங்கள் நகரத்துப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசாங்கத்தினுடையது, பழையது, மழை பெய்தால் ஒழுகுவது. அதன் பின்னால் வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது. அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து கண்ணாடி மாட்டியது வரை படிக்கட்டில் நின்றபடியே பார்த்தவள் நான். வேலை முடிந்ததும் வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். இடங்கள் இரண்டு மடங்கு. மாலை வகுப்புகள் தொடக்கம். வேலையில் இருப்பவர்களும் சேரலாம். கட்டணம் ஒரு தடையல்ல. அந்தச் சிக்னலில் வண்டி எப்போதும் அதிக நேரம் நிற்கும். நிற்கும்போதெல்லாம் நான் கடைசி வரியைப் படித்தேன்.

படித்துப் படித்து ஒரு நாள் விண்ணப்பித்துவிட்டேன். மகள் பள்ளியை முடித்த வருடம் அது. வக்கீல் என்று பேர் இருந்தாலும் அவள் கேட்டது வேதியியல், பகல் பிரிவு. நான் கேட்டது வரலாறு, மாலைப் பிரிவு. இருவருக்கும் இடம் கிடைத்தது. இடம் கிடைத்து என்ன, கட்டணத்தைப் பார்த்தால் ஒருத்திக்கே மூச்சு முட்டும். கட்டண உதவி கிடைத்தால்தான் உள்ளே போக முடியும். அதற்கும் இருவரும் விண்ணப்பித்தோம். இருவருக்கும் ஒரே நாளில் நேர்காணல் என்று செய்தி வந்தது.

ஏன் வரலாறு என்று கேட்காதவர் இல்லை. எனக்கு அங்கே ஒரு பழைய பாக்கி உண்டு. அப்பா படுக்கையில் விழுந்ததால் பள்ளியில் எனக்கு ஒரு வருடம் வீணானது. அதனால் நானும் தம்பியும் ஒன்றாகப் பள்ளியை முடித்தோம். அப்போதும் இருவருக்கும் அங்கே இடம் கிடைத்தது. எனக்கு வரலாற்றில், அவனுக்குக் கணக்கில். உதவி ஒருவருக்குத்தான் என்றார்கள். அக்கா என்று ஒருத்தி இருந்தால் யார் விட்டுக்கொடுப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உதவி வேண்டாமென்று நான் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். தம்பி இரண்டாம் வருடத்திலேயே கணக்கு கசக்கிறது என்று விட்டுவிட்டு, செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்தான். நல்ல தொழில்காரன். படிப்பை விட்டதை நான் அவனிடம் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சண்டை வந்தபோது இரண்டு மூன்று முறை சொல்லியிருப்பேன், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உதவி கேட்பவர்கள் ஒவ்வொருவரும் பாதுகாவலருடன் வரவேண்டும் என்று விதி. மகளுக்குப் பாதுகாவலர் நான். எனக்கு? அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கட்டியவர் பிழைக்கப் போன இடத்தில் வேறு குடும்பமாகிவிட்டார், அந்தக் கதை இங்கே வேண்டாம். கடைசியில் தம்பியைத்தான் எழுதினேன். நாற்பது தாண்டிய அக்காவுக்குத் தம்பி பாதுகாவலர். அவன் கடையை அடைத்துவிட்டு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். முகத்துக்கு மட்டும் இஸ்திரி போடவில்லை.

பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும்போதே ஆரம்பித்தான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. பிள்ளைக்குக் கிடைச்சா போதும்னு இருந்துடேன். இந்த வயசுல பட்டம் வாங்கி என்ன பண்ணப் போற? டிக்கெட்டாக் கிழிச்சுத் தரப் போறியா?"

"சுருட்டி உன் மண்டையில ஒரு போடு போடுவேன்."

"நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நல்லதுக்குச் சொல்றவங்களைக் கண்டாத்தான்டா எனக்குப் பயம்."

மகள் எங்கள் இருவருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அன்று அவள் வாயே திறக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. வக்கீல் பேசாமல் இருந்தால் உள்ளுக்குள் ஏதோ தீர்மானம் நடக்கிறது என்று அர்த்தம்.

நேர்காணல் நடந்தது புதுக் கட்டடத்தில் இல்லை. உதவி கேட்டு வருபவர்களுக்குப் பழைய கட்டடத்தின் மாடி வராந்தாவே போதும் என்று நினைத்திருப்பார்கள். கூட்டம் படிக்கட்டு வரை நெருக்கியடித்து நின்றது. படியில் ஒரு அம்மாள் இடுப்பில் குழந்தையுடன் ஒற்றைக்காலில் நின்றாள். முன்னால் இருப்பவர்கள் அறைக் கதவைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்கள். இதையெல்லாம் பார்த்தால் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொள்ளும்.

"உள்ளே போங்க, உள்ளே போங்க, முன்னாடி இடம் இருக்கு. படியில நிக்காதீங்க."

எல்லோரும் பஸ்ஸில் போகிற ஜனங்கள்தானே. அந்தக் குரலைக் கேட்டதும் கால்கள் தாமாக நகர்ந்தன. நகர்ந்த வேகத்தில் கதவு திறந்துகொண்டு, முன்னால் நின்ற பத்துப் பேர் குழுவின் மேசைக்கு எதிரே போய் நின்றார்கள். உள்ளேயிருந்து ஒரு குமாஸ்தா பதறிக்கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். "யார் இவங்களை உள்ளே விட்டது?" என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"பழக்க தோஷம் சார்," என்றேன்.

அவர் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார். "நீங்க மாணவரா, பெற்றோரா?"

"ரெண்டும்."

"ரெண்டும்னு எங்ககிட்ட ஒண்ணு இல்லம்மா. பெற்றோர் அந்த பெஞ்சு. மாணவர் இந்த பெஞ்சு."

இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். நின்றே பழக்கமாயிற்றே.

எங்களுக்கு முன்னால் ஒரு அக்காவும் தம்பியும் உள்ளே போனார்கள். அவள் நீலச் சட்டை போட்டிருந்தாள், பதினெட்டு வயதிருக்கும். அவன் மீசை அரும்பி நிற்கிற பையன். இரட்டைப் பிள்ளைகளோ என்னவோ, ஒரே மூக்கு. வெளியே வந்தபோது அவள் கையில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. ஜன்னல் திண்டில் அதை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள். அதற்குள் குமாஸ்தா எங்களைக் கூப்பிட்டார்.

அறையில் நீள மேசை, அதற்குப் பின்னால் மூன்று பேர். இரண்டு ஓரத்தில் இருந்தவர்களும் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. ஒருவர் போனைப் பார்த்தார், இன்னொருவர் போனைப் பார்க்காத மாதிரி பார்த்தார். நடுவில் இருந்தது தலைவர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பேராசிரியை. காலையிலிருந்து பேசிப் பேசி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. வெந்நீரைக் குடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புதான், பொய் சொல்ல மாட்டேன்.

"அம்மாவும் மகளும் ஒரே வருஷம் படிக்க வர்றது எவ்வளவு பெரிய விஷயம். ரெண்டு பேரும் எல்லாத் தகுதியும் உள்ளவங்க," என்றார்.

"நன்றி மேடம்," என்றான் தம்பி. அவனுக்கு என்ன அவசரமோ.

"ஆனா ஒரு சின்னச் சிக்கல். ஒரு வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் உதவி."

எனக்கு இது தெரியாததில்லை. இத்தனை வருடத்தில் மாறியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஏழு மாடி கட்டியவர்கள் இதை மாற்றாமலா இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

"பேனர்ல அப்படிப் போடலையே மேடம்," என்றேன்.

"இடம்தாம்மா ரெண்டு மடங்காச்சு. உதவி நிதி பழைய அளவுதான். ஒரு வீட்டுக்கு ஒண்ணுன்னு வச்சாதான் நிறைய வீட்டுக்குப் போய்ச் சேரும். யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். நியாயம் மாதிரிதான் இருந்தது. இந்த ஆபீஸ்களில் எல்லாமே நியாயம் மாதிரிதான் இருக்கும். நான் யோசித்து முடிப்பதற்குள் குமாஸ்தா ஒரு வெள்ளைத்தாளை மேசையின் இந்தப் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க அம்மா. உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லணுமா?" என்றார் தலைவர், மெதுவாக.

கை நீண்டது. என் கைதான். பெற்ற பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள். அவளுக்கு எதிரே என் ஆசையை வைத்துத் தராசு பிடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் கை தாளைத் தொடுவதற்குள் மகள் குறுக்கே பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எழுதித் தரேன். உதவி அம்மாவுக்கு இருக்கட்டும்."

காலையிலிருந்து அவள் வாயைக் கட்டிப் போட்டிருந்தது இதுதான். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் என்று வரும் முன்பே அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"எழுதுனா கையை ஒடிச்சுடுவேன்," என்றேன்.

"எனக்கு வயசிருக்கு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். உனக்கு அப்படியா?"

"அடுத்த வருஷம்னு சொன்னவங்க யாரும் திரும்பி வந்ததில்லடி. என்னைப் பாரு."

தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கிய மாதிரி இருந்தது. குமாஸ்தா மட்டும் கலங்கவில்லை. "யார் எழுதினாலும் சரிதாம்மா. ஒருத்தர் எழுதுனா போதும்," என்றார். பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில் ஆரம்பித்தார். "எழுதிக்கோங்க. என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி..."

மகள் பேனாவைத் திறந்தாள்.

எனக்கு அந்த வரி தெரியும். ஒரு எழுத்து மாறவில்லை. அன்று வேறு குமாஸ்தா, வேறு மேசை, அறை இதேதானோ என்னவோ. நான் குனிந்து எழுதியதும், 'விருப்பத்தின்' என்று எழுதும்போது பிழை வந்து அடித்துத் திருத்தியதும், அவர் வேறு தாள் கொடுத்து அடித்தல் இல்லாமல் எழுதச் சொன்னதும் எல்லாம் கண்முன்னே வந்தன. அன்று எனக்கு விருப்பமே இல்லை. துளிகூட இல்லை. அதை எழுதிக் கொடுத்துவிட்டு, எழுதியது உண்மைதான் என்று இத்தனை வருடம் என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை.

மகள் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, அப்படியே மேசைமேல் குமாஸ்தாவின் பக்கம் தள்ளினேன்.

"யாரோட விருப்பம் சார் இது?"

"அது ஒரு வழக்கமான வாசகம்மா."

"எங்க ரெண்டு பேர்ல யாருக்கும் விருப்பம் இல்ல. உங்களுக்குத்தான் விருப்பம். அப்ப நீங்களே எழுதுங்க. இந்த அம்மாவைக் கழிக்கிறோம், இல்ல இந்தப் பொண்ணைக் கழிக்கிறோம், இன்ன காரணம்னு எழுதி நீங்களே கையெழுத்துப் போடுங்க. நான் வாங்கிட்டுப் போறேன்."

"அம்மா, கொஞ்சம் பொறுமையா..." என்றார் தலைவர்.

"பொறுமையாத்தான் மேடம் சொல்றேன். எங்க டிப்போவுல ஒரு பழக்கம் உண்டு. வண்டி எவ்வளவு நெருக்கடியா இருந்தாலும், கையைப் பிடிச்சு ஒண்ணா வந்தவங்கள்ல ஒருத்தரை ஏத்திட்டு ஒருத்தரை விட்டுட்டுப் போக மாட்டோம். இடம் இல்லன்னா ரெண்டு பேரையும் பார்த்து, இடம் இல்லன்னு எங்க வாயால சொல்லுவோம். திட்டு வாங்குவோம். உங்களுக்குள்ள பேசி ஒருத்தர் இறங்கிக்கோங்கன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

"அப்படி ரெண்டு பேருக்கும் உதவி இல்லன்னு சொன்னா உங்க மகளுக்கும் கிடைக்காமப் போயிடுமே."

அவள் வாழ்க்கையை வைத்துப் பந்தயம் கட்ட நான் யார்? மகளைப் பார்த்தேன். பேனாவை மூடிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வக்கீல் திரும்பி வந்துவிட்டாள்.

"போகட்டும் மேடம்," என்றாள். "எனக்குக் கிடைக்கலன்னு நீங்க எழுதிக் குடுங்க. எங்க அம்மாவைக் கழிச்சு எனக்குக் குடுக்காதீங்க. என்னைக் கழிச்சு அவங்களுக்கும் குடுக்காதீங்க."

தலைவர் பெருமூச்சு விட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினார். எல்லா ஆபீஸிலும் கடைசியில் ஆம்பிளை ஒருவரைத்தான் தேடுவார்கள். "நீங்கதானே பாதுகாவலர்? உங்க அக்காவுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்."

தம்பி தொண்டையைச் செருமினான். வழியெல்லாம் பாடிய பாட்டை இங்கேயும் பாடப்போகிறான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எங்க அக்கா முன்னாடியே ஒரு தடவை இங்க எழுதிக் குடுத்திருக்கா மேடம்," என்றான். "எனக்காக. நான் பக்கத்துலதான் நின்னேன். அவகிட்ட பேனா இல்ல. நான்தான் என் பேனாவைக் குடுத்தேன்."

இதை அவன் எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு ஞாபகமும் இல்லை. அவனுக்கு இருந்திருக்கிறது. கடையில் குனிந்து போனுக்கு ஸ்க்ரூ முடுக்குகிறவன் மண்டைக்குள் அந்தப் பேனா இத்தனை வருடமாக இருந்திருக்கிறது.

"இன்னைக்கு நான் பேனா கொண்டு வரல," என்றான்.

சட்டைப் பையில் பேனா துருத்திக்கொண்டுதான் இருந்தது.

தலைவர் எங்களை வெளியே போய் உட்கார்ந்து யோசிக்கச் சொன்னார். யோசிக்க வேண்டியது நாங்கள் இல்லை என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் நீலச் சட்டைப் பெண் ஜன்னல் திண்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன், அடுத்தவர் எழுதுவதை எட்டிப் பார்ப்பது தப்பு என்று தெரிந்தேதான். முதல் வரி முடிந்திருந்தது. அதே வரி.

"யாருக்கும்மா விட்டுக்குடுக்குற?"

"தம்பிக்கு."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல ஆன்ட்டி. நானாத்தான்."

நானாத்தான் என்று நானும் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன், இதே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவள் தம்பி பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றான். காதெல்லாம் சிவந்திருந்தது. பாவம், அவனும் என்ன செய்வான்.

என் தம்பி அவன் தோளில் கை போட்டான். "டேய், அந்தப் பேனா யாரோடது?"

"என்னோடது அண்ணே."

"வாங்கிப் பையில வை. நான் சொல்றதைக் கேளு. இல்லன்னா என் வயசு வந்தாலும் அது உறுத்தும்."

பையன் ஒரு நிமிடம் என் தம்பியையே பார்த்தான். பிறகு அக்காவின் விரல்களுக்குள்ளிருந்து பேனாவை மெல்ல உருவினான். அவள் விடவில்லை. அவன் இழுத்தான். கடைசியில் அவள் விட்டுவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நான் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அதுவரை கண்ணில் படாதது அப்போதுதான் பட்டது. அங்கங்கே வெள்ளைத்தாளுடன் ஆட்கள். இடுப்பில் குழந்தையுடன் நின்ற அம்மாளின் கையில் ஒன்று. அவளும் அவள் கணவனும் மாலைப் பிரிவுக்கு வந்தவர்களாம், எழுதப்போகிறவள் அவள். ஒரு பெரியவர் மடியில் ஒன்று. அவர் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துக்கொண்டு மகனோடு சேர்ந்து விண்ணப்பித்தவர். எல்லோரும் தனித்தனியாகக் குனிந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பிரச்சினை இது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தானே இத்தனை வருடம் நினைத்தேன்.

இந்த முறை வாய் தானாகத் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன்.

"பேப்பர் வச்சிருக்கிறவங்க யாரும் எழுதாதீங்க. எழுதுனது எழுதுனதோட நிக்கட்டும். எல்லாரும் உள்ளே வாங்க. உள்ளே போங்க, உள்ளே போங்க. முன்னாடி இடம் இருக்கு."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு நீலச் சட்டைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள். பின்னால் பெட்ரோல் பங்குப் பெரியவர். அதற்கப்புறம் பஸ்தான். நான் கடைசியாக ஏறினேன், எப்போதும் போல.

"மறுபடியும் நீங்களா?" என்றார் குமாஸ்தா. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மறுபடியும் நான்தான் சார். இவங்க யாருக்கும் விருப்பம் இல்லையாம். கேட்டுப் பார்த்துட்டேன்."

ஒவ்வொருவராக வெள்ளைத்தாளை மேசைமேல் வைத்தார்கள். நீலச் சட்டைப் பெண் ஒரு வரி எழுதியதை இரண்டாகக் கிழித்து வைத்தாள். தலைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குமாஸ்தாவிடம் கேட்டார். "ஒரு வீட்டுக்கு ஒண்ணுங்கிறது எந்த விதியில இருக்கு?"

"விதின்னு இல்ல மேடம். நான் வேலைக்கு வந்ததுலேருந்து இப்படித்தான்."

"யாரும் எழுதிக் குடுக்கலன்னா என்ன பண்ணுவீங்க?"

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படி நடந்ததே இல்ல மேடம். யாராவது ஒருத்தர் எழுதிடுவாங்க. அம்மா இருப்பாங்க, அக்கா இருப்பாங்க. நம்ம கையால யாரையும் கழிச்சதே இல்ல."

அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அது காதில் எப்படி விழுகிறது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

"நிதி பத்தாதுங்கிறது நிஜம்தாம்மா," என்றார் தலைவர். எங்களிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா என்று தெரியவில்லை.

"அப்ப அதை மேல போய்ச் சொல்லுங்க மேடம்," என்றேன். "கட்டடத்துக்குப் பத்துனது இதுக்கு ஏன் பத்தலன்னு அவங்களைக் கேளுங்க. பத்தாததை எங்க வீட்டுக்குள்ள தள்ளிவிட்டு, அம்மாவும் பிள்ளையும் பேசித் தீர்த்துக்கோங்கன்னு சொல்லாதீங்க."

ஓரத்தில் இருந்தவர் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். தலைவர் வெந்நீரைக் குடித்தார். மேசையில் கிடந்த வெள்ளைத்தாள்களில் ஒன்றை எடுத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு யார்கிட்டயும் எழுதி வாங்க வேண்டாம்," என்றார் குமாஸ்தாவிடம். "எல்லாப் பேரும் அப்படியே மேல போகட்டும். நிதி பத்தலன்னு நான் எழுதுறேன். என் கையெழுத்துல."

அவர் பேனாவைத் தேடினார். கிடைக்கவில்லை. தம்பி சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார்.

நான் நன்றி சொல்லவில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்வதற்கு எதற்கு நன்றி? மகள்தான் போகும்போது சொன்னாள். அவளுக்கு வாய் நீளமென்றாலும் மரியாதை தெரிந்தவள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இழுபறி. முடிவு நிலுவையில் இருக்கிறது என்று ஒரு செய்தி வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. டிப்போவில் ஆளுக்கொரு பேச்சு. என் வண்டி டிரைவர் அண்ணன் மட்டும் ஒரு நாள் சிக்னலில் திரும்பி, "ஏம்மா, பிள்ளை படிப்புல விளையாடிட்டியோ?" என்று கேட்டார். இரண்டு இரவு எனக்குத் தூக்கமில்லை. மகளிடம் கேட்டேன், பயமா இருக்கா என்று. இருக்கு என்றாள். எனக்கும் இருக்கு என்றேன். இருவரும் அதோடு பேச்சை விட்டுவிட்டோம்.

வகுப்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் பதில் வந்தது. விண்ணப்பித்த எல்லோருக்கும் முதல் வருடக் கட்டணத்தில் உதவி உண்டாம். அடுத்த வருடத்தைப் பற்றி அப்புறம் தெரிவிப்பார்களாம். அதாவது அடுத்த வருடமும் சண்டை போட வேண்டும். போடலாம், வாய் எங்கேயும் போய்விடவில்லை. தம்பி கடையிலிருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் மட்டும், "சரி, பாஸாவது பண்ணு," என்றான்.

முதல் நாள் மாலை டியூட்டி முடிந்து யூனிஃபார்மை மாற்ற நேரமில்லாமல் அப்படியே போனேன். எங்கள் டிப்போ வண்டியில்தான், ஆனால் பயணியாக. வாசலில் மகள் எதிரே வந்தாள். அவள் வகுப்பு முடிந்து வெளியே வருகிறாள், நான் உள்ளே போகிறேன். "லேட்டா வராத, வாத்தியார் திட்டுவார்," என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். புதுக் கட்டடத்தில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. லிஃப்ட் ஓடவில்லை. ஐந்து மாடி ஏறினேன். பஸ் படிக்கட்டில் ஏறி இறங்கியவளுக்கு அது ஒன்றும் பெரிதில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் மூச்சு வாங்கியது.

பாடம் எடுக்க வந்தவர் சின்ன வயசுக்காரர். அவருக்கும் அது முதல் நாள் போலிருந்தது. பாடத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் ஏன் இங்கே வந்தோம் என்று ஒரு வரியில் சொல்லச் சொன்னார். பதவி உயர்வுக்காக என்றார் ஒருவர். வீட்டில் கட்டாயப்படுத்தினார்கள் என்றான் ஒரு பையன், எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க என்றாள் ஒருத்தி. என் முறை வந்தது. எழுந்து நின்றேன்.

"என் சொந்த விருப்பத்தின் பேரில்," என்றேன். "யாருடைய வற்புறுத்தலும் இன்றி."

என் குரல் கொஞ்சம் அதிகமாகவே கேட்டிருக்கும். பின் வரிசை வரை போயிருக்கும். வாத்தியார் புரியாமல் புன்னகைத்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.